ரூல்ல இல்லையே!

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடியவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். ஒரு சின்னக் கேள்வி. அந்த ராத்திரி முழுக்க நீங்களாக எடுத்த முடிவுகள் எத்தனை?

ஒன்றுகூட இல்லை. யோசித்துப் பாருங்கள். கட்டையை உருட்டினீர்கள். விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்தினீர்கள். ஏணி இருந்தால் ஏறினீர்கள், பாம்பு இருந்தால் இறங்கினீர்கள். உங்கள் இடத்தில் வீட்டுப் பூனையை உட்காரவைத்து, அது கட்டையைத் தட்டிவிட்டிருந்தாலும் ஆட்டம் அப்படியேதான் நடந்திருக்கும். புண்ணியம் செய்தால் ஏற்றம், பாவம் செய்தால் இறக்கம் என்று சொல்லித்தருகிற ஆட்டம் அது. ஆனால், அதில் பாவத்தையோ புண்ணியத்தையோ நாம் தேர்ந்தெடுக்க வழியே இல்லை என்பதுதான் வேடிக்கை!

இதற்கு நேர் எதிர், ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. கட்டையும் கிடையாது, அதிர்ஷ்டமும் கிடையாது. தோற்றால் பழி போட ஆள் கிடைக்காது.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது தாயம். இரண்டு தாயக்கட்டை. ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என்று நாலு பக்கம். சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது 1, விழுவதற்கு இரண்டே வழி. எட்டுக்கு ஒன்று. ஆக, காயை இறக்குவதற்கே சராசரியாக எட்டு தடவை உருட்டவேண்டும். 'இன்னிக்கு இந்தக் கட்டைக்கு என்ன கேடு வந்துச்சோ' என்று அத்தை திட்டுவாரே, கட்டை பாவம், கணக்குப்படிதான் விழுகிறது. ஆனால், காய் இறங்கிய பிறகு எதை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்பது உங்கள் சாமர்த்தியம்.

புதிதாக ஒரு விளையாட்டு செய்ய நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். எவ்வளவு அதிர்ஷ்டம், எவ்வளவு யோசனை? சாம்பாரில் புளி, காரம் மாதிரி. அளவு தப்பினால் யாரும் இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள்.

இந்தப் பழைய ஆட்டங்களையெல்லாம் கண்டுபிடித்தவர் பெயர் நம்மிடம் இல்லை. ஆனால், சோதித்துப் பார்த்தவர்களை நமக்குத் தெரியும். நம் பாட்டிகள், அவர்களுடைய பாட்டிகள். கோயில் மண்டபத் தரையிலும் வீட்டுத் திண்ணையிலும் கட்டம் கீறி ஆடினார்கள். அலுப்புத் தட்டிய விதியை விட்டுவிட்டார்கள். சண்டை வந்த இடத்தில் புது விதி சேர்த்துக்கொண்டார்கள். தாய ஆட்டத்தின் விதி ஊருக்கு ஊர் மாறுகிறதே, எல்லாம் அந்த ரிப்பேர் வேலைதான். தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை.

இன்றைக்கு ஓர் ஆட்டம் செய்ய உட்காரும் கல்லூரி மாணவர்களுக்கு அவ்வளவு அவகாசம் ஏது? ஒரு செமஸ்டர். அதிலும் நடுவில் இன்டர்னல்ஸ், கல்ச்சுரல்ஸ்.

அப்படி நாலு பேர் கொண்ட ஒரு டீம் சில மாதம் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி ரூமைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடி வீட்டுப் பெண்ணும் அவளுடைய வகுப்பு நண்பர்களும். நாலு பேர் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் ஆடி முடிக்கிற மாதிரி, மேஜையில் பரப்பி ஆடும் விளையாட்டு ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். இதுதான் புராஜெக்ட். "ஆடிப் பார்க்க ஆள் வேணும் அங்கிள். டீ தர்றோம்" என்று கூப்பிட்டார்கள். டீயை நம்பிப் போனேன்.

அவர்கள் பெயர் நமக்கு வேண்டாம். படம் வரைகிறவள் படக்காரி. கணக்குப் போடுகிறவன் கணக்கன். மூச்சு விடாமல் பேசுகிறவன் வாயாடி. விதிகளை எழுதிவைக்கிற அமைதியான பெண் எழுத்தர். போதும்.

விளையாட்டின் பெயர் 'தண்ணி லாரி'. ஏப்ரல், மே மாதத்துச் சென்னை. ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு ஃப்ளாட்டின் அசோசியேஷன் செக்ரட்டரி. சுற்றுக்கு மூன்று லாரி வரும். ஏலம் எடுக்க வேண்டும். எடுத்த தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வீடுகளுக்கு விட வேண்டும். பத்து சுற்று. கடைசியில் யாருக்கு மார்க் அதிகமோ அவர்தான் நல்ல செக்ரட்டரி. (நிஜத்தில் அப்படி ஒருவர் உண்டா என்று கேட்காதீர்கள்.)

இந்த மாதிரி வேலைக்கு முதல் பாடம், எதையும் அழகாகச் செய்யாதே என்பது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் அட்டை தயார். புளியங்கொட்டை பணம், நீலச் சட்டை பட்டன் தண்ணீர். எழுதுவதெல்லாம் பென்சிலில். காரணம் எளிமையானது. பென்சிலில் எழுதிய '5'-ஐ '3' ஆக்க அரை நிமிஷம் போதும். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி வைத்திருந்தால் அரை நாள் ஆகும். கலர் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்துவிட்டால் மாற்றவே மனசு வராது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேம் டிசைன் என்று ஒரு பாடம் உண்டு. அதில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து அட்டையும் பலகையுமாகத்தான் ஆட்டம் செய்கிறார்கள். பாடக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்.

நம் படக்காரிக்குப் பொறுமை இல்லை. ஆரம்பத்திலேயே 24 நிகழ்ச்சி அட்டைகள் வரைந்துவிட்டாள். 'கரன்ட் கட்', 'மோட்டார் புகைந்தது', 'ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் எட்டு பேர்' என்று வாட்டர் கலரில் பத்து நாள் வேலை. அத்தனை அழகு. இந்த அட்டைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அடுத்தது எண்கள். தண்ணீர் திறந்துவிடும்போது இரண்டு பகடை உருட்ட வேண்டும். 7 விழுந்தால் குழாய் உடைந்து பாதி தண்ணீர் வீண் என்று ஒரு விதி. 7-ஐ ஏன் வைத்தார்கள்? "சும்மா, லக்கி நம்பர்னு" என்றான் வாயாடி. கணக்கன் பேப்பரை இழுத்தான். இரண்டு பகடை 36 விதமாக விழும். அதில் 7 வருவதற்கு ஆறு வழி. ஆறு தடவைக்கு ஒரு தடவை குழாய் உடைந்தால் அது அபார்ட்மென்ட்டா, பாழடைந்த பங்களாவா? 12-க்கு மாற்றினார்கள். அதற்கு ஒரே வழிதான். மூன்று ஆட்டம் ஆடியும் குழாய் உடையவே இல்லை. கடைசியில் 5-ல் நிலைத்தது. நாலு வழி, ஒன்பதுக்கு ஒன்று.

'கட்டான்' என்ற ஜெர்மன் ஆட்டத்தை ஆடியிருக்கிறீர்களா? செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்த கிளாஸ் டாய்பர், குடும்பத்தோடு வீட்டிலேயே ஆடிப் பார்த்துத் திருத்தித் திருத்தி 1995-ல் வெளியிட்டது. அதில் ஒவ்வோர் எண்ணின் கீழும் குட்டிக் குட்டிப் புள்ளிகள் இருக்கும். 6-க்கும் 8-க்கும் ஐந்து புள்ளி, 2-க்கும் 12-க்கும் ஒரு புள்ளி. அந்த எண் விழ எத்தனை வழி என்கிற கணக்கைத்தான் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். 'ஸ்கிராபிள்' செய்த ஆல்ஃப்ரெட் பட்ஸ், வேலையிழந்த ஆர்க்கிடெக்ட். 1930-களில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். 'இ' எழுத்துக்கு 12 வில்லை, 'இசட்'டுக்கு ஒன்று என்பது அந்த எண்ணிக்கையில் வந்ததுதான். 'எஸ்' அதிகம் இருந்தால் எல்லாரும் எல்லா வார்த்தையையும் பன்மையாக்கிச் சுலபமாக மார்க் வாங்கிவிடுவார்கள். அதனால் நாலே நாலு.

எண்களைச் சரிசெய்வது தெரிந்த வேலை. பள்ளிக்கூடத்துக் கணக்கு போதும். கஷ்டமான வேலை வேறு. வாயை மூடிக்கொண்டு உட்கார்வது.

நான் முதல்முறை ஆட உட்கார்ந்தபோது நாலு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். "அங்கிள், இப்ப நீங்க அதை ஏலத்துல விடணும்." "அங்கிள், அது வேண்டாம், இந்த அட்டையை எடுங்க." "அங்கிள், அது இப்ப இல்ல, அடுத்த சுற்றுலதான்." ஆட்டம் பிரமாதமாக நடந்தது. ஏனென்றால், ஆடியது அவர்கள். நான் கையை மட்டும்தான் கொடுத்திருந்தேன்.

அன்று சாயந்திரமே எழுத்தர் ஒரு கட்டளை போட்டாள். "இனிமே ஆட வர்றவங்ககிட்ட யாரும் வாயத் திறக்கக் கூடாது. டப்பாவுக்குள்ள நம்ம நாலு பேரையும் மடிச்சு வெச்சு அனுப்ப முடியாது." அதிலிருந்து ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் நோட்டில் எழுதுவார், மற்ற இருவர் வெறுமனே பார்ப்பார்கள். என்ன சொல்கிறார்கள் என்பதைவிட என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தார்கள். யார் எப்போது செல்போனை எடுத்தார்? எந்த விதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்? எப்போது சிரித்தார்கள்? வாயாடிக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டாவது படிக்கும் ஒரு பையன் ஆட வந்தான். முதல் இரண்டு சுற்று ஒழுங்காக ஆடினான். மூன்றாவது சுற்றிலிருந்து ஒரு வீட்டுக்கும் தண்ணீர் விடவில்லை. லாரி லாரியாக வாங்கித் தொட்டியில் போட்டுக்கொண்டே இருந்தான். பகடையைத் தொடவே இல்லை. கடைசியில் எண்ணிப் பார்த்தால், மற்ற மூன்று பேர் மார்க்கையும் கூட்டினாலும் அவன் மார்க் அதிகம்.

விஷயம் இதுதான். வீட்டுக்கு விட்டால் ஒரு பட்டனுக்கு ஒரு மார்க். கடைசியில் தொட்டியில் மிச்சம் இருந்தாலும் ஒரு பட்டனுக்கு ஒரு மார்க். விட்டால் குழாய் உடையும் அபாயம் உண்டு, விடாவிட்டால் ஒன்றும் இல்லை. அப்புறம் எந்தப் புத்திசாலி தண்ணீர் விடுவான்?

வாயாடியால் தாங்கமுடியவில்லை. "டேய், நீ செக்ரட்டரிடா! தண்ணி விடலேன்னா வீட்டுல இருக்கறவங்க உன்னைச் சும்மா விடுவாங்களா?"

பையன் விதித்தாளைப் புரட்டிப் பார்த்தான். "ரூல்ல இல்லையேண்ணா" என்றான்.

நான் அந்த நாலு பேர் முகத்தையும் பார்த்தேன். பரீட்சை ரிசல்ட்டில் நம்பர் இல்லாதபோது வருமே, அந்த முகம். எழுத்தர் மட்டும் நோட்டில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டாள்.

பையன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் உலகத்தின் பிரபலமான பலகை ஆட்டம் ஒன்றின் கதையே அடங்கியிருக்கிறது. நாம் 'பிசினஸ்', 'ட்ரேட்' என்று பம்பாயையும் மெட்ராஸையும் வாங்கி விற்று ஆடினோமே, அதன் மூலம் 'மோனோபொலி'. அதற்கும் மூலம், எலிசபெத் மாகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-ல் பேடன்ட் வாங்கிய 'லேண்ட்லார்ட்ஸ் கேம்'. நிலத்தையெல்லாம் சிலர் வளைத்துப்போட்டால் மற்றவர்கள் எப்படி நசுங்குவார்கள் என்று காட்டுவதற்காக அவர் அதைச் செய்தார். ஆடிப் பார்த்தால் ஜனங்களுக்கு வெறுப்பு வரும் என்பது அவர் எண்ணம். எல்லாரும் சேர்ந்து முன்னேறுகிற மாதிரி வேறு விதிகளும் எழுதிவைத்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? வளைத்துப்போடுகிற விதிகளையே சந்தோஷமாக ஆடினார்கள். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், சார்லஸ் டாரோ கொண்டுவந்த மோனோபொலியை வெளியிட்டு, மாகியின் பேடன்ட்டை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. அடுத்தவனைத் திவாலாக்கி ஜெயிப்பவருக்குத்தான் பரிசு என்று விதி சொன்னால், ஆடுகிறவர் அதைத்தானே செய்வார்? மாகியின் நல்ல எண்ணம் அவர் மனசில் இருந்தது. ரூல்ல இல்லையே!

மொட்டைமாடிக்கு வருவோம். பையன் உடைத்துவிட்டுப் போனதை ஒட்டவைப்பதில் பெரிய சண்டை மூண்டது. ஆளுக்கு ஒரு யோசனை. வாயாடி ஒரே நாளில் ஆறு புது விதி கொண்டுவந்தான். ஆறையும் சேர்த்து ஆடினார்கள். ஏதோ சரியான மாதிரி இருந்தது, ஏதோ கெட்டுப்போன மாதிரியும் இருந்தது. எதனால் என்று யாருக்கும் புரியவில்லை. ஜுரத்துக்கு ஒரே நேரத்தில் ஆறு மாத்திரை விழுங்கினால் எது கேட்டது, எது வயிற்றைக் கலக்கியது என்று எப்படிச் சொல்வது? கணக்கன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நோட்டில் தேதி போட்டு, எதை மாற்றினோம், என்ன ஆனது என்று எழுதவேண்டும்.

நோட்டு நிரம்ப ஆரம்பித்ததும் வேறோர் உண்மை தெரிந்தது. ஆறு ஆட்டத்திலும் ஒரே குறிப்பு. நிகழ்ச்சி அட்டை திருப்பும்போதெல்லாம் ஆட்டம் படுத்துவிடுகிறது. ஒருவர் அட்டையை வாசிக்கிறார், மற்றவர்கள் போனைப் பார்க்கிறார்கள். மூன்று சுற்றாகத் திட்டம் போட்டுச் சேர்த்ததை ஒரு 'கரன்ட் கட்' அட்டை அழித்துவிட்டால், அப்புறம் எதற்குத் திட்டம்? முக்கால் மணி நேர ஆட்டம் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. "அட்டையைத் தூக்கிடலாம்" என்றான் கணக்கன்.

"பத்து நாள் வேலைடா" என்றாள் படக்காரி. அவ்வளவுதான் சொன்னாள். 24 அட்டைகளையும் அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். ஒரு வாரம் அவள் மாடிக்கு வரவில்லை. லிஃப்ட்டில் பார்த்தபோது "எக்ஸாம் அங்கிள்" என்றாள். எக்ஸாம் எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் பாக்கி. ஒரு ஆட்டத்துக்காக மூன்று வருஷத்து சிநேகிதம் போய்விடுமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

மற்ற மூவரும் யாரும் சமாதானப் பேச்சுக்குப் போகவில்லை. "ரெண்டு ஆட்டம் வைக்கிறோம். ஒண்ணு அட்டையோட, ஒண்ணு அட்டை இல்லாம. வந்து பாரு. நீயே சொல்லு" என்று மட்டும் எழுத்தர் செய்தி அனுப்பினாள். படக்காரி வந்தாள். வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அட்டையோடு ஆடியவர்கள் 'ஐ, படம் சூப்பர்' என்று முதல் அட்டையில் சொன்னார்கள். ஐந்தாவது அட்டையில் கொட்டாவி விட்டார்கள். அட்டை இல்லாமல் ஆடியவர்கள் 48-வது நிமிஷத்தில் முடித்துவிட்டு, 'இன்னொரு ஆட்டம்' என்றார்கள்.

அவள் எழுந்து வந்து அட்டைகளைப் பொறுக்கிப் பையில் வைத்தாள். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணியத் தேக்கி வெக்கறதுதானே பிரச்னை? தொட்டி ஒழுகட்டுமே. சுற்றுக்கு ரெண்டு பட்டன் போயிடணும்" என்றாள்.

ஒரே ஒரு விதி. கணக்கன் போட்டுப் பார்த்தான். எட்டாவது படிக்கும் பையனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். தேக்கினால் ஒழுகுகிறது, விட்டால் குழாய் உடையலாம். இப்போதுதான் அவன் முதல்முறையாகப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். அந்த யோசனையைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடு!

இன்னொரு குறை மிச்சமிருந்தது. முதல் லாரியைப் பிடித்தவனே கடைசிவரை ஜெயித்தான். பணக்காரன் மேலும் பணக்காரன் ஆகிற வியாதி. இதற்கு மருந்து ஏற்கெனவே உண்டு. 2004-ல் வந்த 'பவர் கிரிட்' என்ற ஆட்டத்தில், முன்னணியில் இருப்பவர் எரிபொருள் வாங்குவதில் கடைசி ஆள். மலிவாக இருப்பதை மற்றவர்கள் வாங்கிப்போன பிறகுதான் அவர் முறை. இவர்களும் அதேபோல், தொட்டி நிறைந்தவர் லாரிக்குக் கடைசியில் நிற்கட்டும் என்று வைத்தார்கள். சென்னையில் நிஜமாகவே அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கடைசிப் பரீட்சை, டப்பாவை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்துவிட்டு ரூமைவிட்டே வெளியே வந்துவிடுவது. ஹாஸ்டல் மாணவர்கள் நாலு பேர் ஆடினார்கள். பத்தாவது நிமிஷத்தில் ஒரே கூச்சல். 'உங்கள் சுற்று வரும்போது' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. ஒருவர் ஆடுவது ஒரு சுற்றா, நாலு பேரும் ஆடி முடித்தால் ஒரு சுற்றா? எழுத்தர் உட்கார்ந்து, ஒருவர் ஆடினால் 'முறை', எல்லாரும் ஆடினால் 'சுற்று' என்று விதித்தாள் முழுக்கத் திருத்தினாள். பதினொரு பக்கம் இரண்டு பக்கமானது.

ஆடி முடித்தவர்களிடம் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்கக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டார்கள். நம் ஊரில் விருந்துக்கு வந்தவர்கள் உப்பில்லாத ரசத்தையும் பிரமாதம் என்பார்கள். கேட்கவேண்டியது வேறு: எங்கே அலுப்பு வந்தது? தோற்கப்போகிறோம் என்று எப்போது தெரிந்தது? மறுபடி ஆடினால் எதை மாற்றி ஆடுவீர்கள்? பதிலில் குறையை நம்பலாம். அவர்கள் சொல்லும் வைத்தியத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி எங்கே என்று நோயாளிக்குத் தெரியும், மருந்து எழுதுவது டாக்டர் வேலை.

'தண்ணி லாரி' கடைக்கு வரவில்லை. ஒரு செருப்பு டப்பாவில் அந்த மூன்றாவது மாடி வீட்டில் இருக்கிறது. 24 அட்டைகளும் படக்காரியிடம் இருக்கின்றன, ஆட்டத்தில் இல்லை. மார்க் என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பன்னிரண்டாவது வரைக்கும் நம் பிள்ளைகள் விடை ஏற்கெனவே அச்சாகியிருக்கிற கேள்விகளுக்குத்தான் பதில் எழுதுகிறார்கள். தப்பு என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு, அதோடு சரி. இங்கே கைடு கிடையாது. தான் செய்ததை இன்னொருவன் கண்ணெதிரே உடைப்பதைப் பார்த்துக்கொண்டு, அவனுக்கு டீயும் கொடுத்து, 'எப்படிடா உடைச்சே?' என்று ஆசையாகக் கேட்கவேண்டும். சிநேகிதியின் பத்து நாள் உழைப்பை வேண்டாம் என்று சொல்லவும் வேண்டும், அவளையும் இழக்கக் கூடாது.

நீங்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை முயன்று பாருங்கள். பரணில் கல்யாணப் பத்திரிகை இருக்கும், அடுப்படியில் புளியங்கொட்டை இருக்கும். உங்கள் தெருவில் தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங் சண்டை போதும். ஆறு விதி எழுதுங்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூப்பிட்டு ஆடவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

கால் மணி நேரத்துக்குள் அவர்களில் ஒரு வாண்டு உங்களை நிமிர்ந்து பார்த்து, "ரூல்ல இல்லையே" என்று சொல்லும். கோபப்படாதீர்கள். பென்சிலை எடுங்கள்.